முகம் யாருடைய உடைமை?

பூவைப் பறிக்கிறோம், நீரை மொள்ளுகிறோம், மீனைப் பிடிக்கிறோம். படத்தையோ ‘எடுக்கிறோம்’ என்கிறோம். எடுத்தல் என்னும் சொல்லுக்கு, ஓரிடத்தில் இருந்த பொருள் நம் கைக்கு வந்துவிட்டது என்பதே பொருள். படம் எடுத்தவர் கைக்கு ஒன்று வந்து சேர்வது உண்மை. ஆனால், எதிரே நின்றவரிடம் எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை. அவருடைய முகம் அவரிடமே இருக்கிறது. சட்டைப் பையிலிருந்த காசும் இருந்தபடியே இருக்கிறது. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றிக் கொள்வது போன்றதுதானே இது, இதில் கொடுத்தவருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நாமும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தோம். அந்தக் கருத்தில் பிழை உண்டு என்பதை நூல்களிலிருந்து நாம் அறிந்து கொள்ளவில்லை. நம்மிடம் அரபு பயின்ற மாணவன் ஒருவன் நிழற்படக் கலையைக் கற்றுக்கொண்டபோது, அவனோடு சேர்ந்து நாமும் ஒரு தவறு செய்து, அதன் வழியாகவே அறிந்து கொண்டோம்.

அது 2003ஆம் ஆண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் உள்ள பள்ளியில் நாம் அரபு கற்பித்துக் கொண்டிருந்தோம். அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவனுடைய பெரிய வாப்பா பழைய சபுராளி. துபாயிலிருந்து அவர் கொண்டு வந்த ‘யாஷிகா எலக்ட்ரோ 35’ என்னும் கேமரா, அலமாரியில் பாச்சை உருண்டைகளுக்கு நடுவே பல ஆண்டுகளாக உறங்கிக் கொண்டிருந்தது. தோல் உறை பூஞ்சை பிடித்திருந்தது. அதற்கென்று செய்யப்பட்ட பாதரச மின்கலம் கடைகளில் கிடைப்பது நின்று போயிருந்தது. அவன் கைக்கடிகாரக் கடைக்குப் போய், பொத்தான் அளவுள்ள சிறிய மின்கலங்கள் நான்கை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காகிதம் சுற்றி உள்ளே வைத்தான். கேமராவுக்கு உயிர் வந்தது.

பெருநாள் காசில் வாங்கிய முதல் சுருள் முழுவதும் வெறுமையாகத் திரும்பி வந்தது. சுருளின் நுனி உள்ளே உருளையில் சிக்கவில்லை. அதை அறியாமல் முப்பத்தாறு முறை பொத்தானை அழுத்தியிருக்கிறான். இரண்டாவது சுருளில் கடலும் சூரியனும் மட்டும் பதினொரு படங்கள்! உம்மா, ராத்தா, தம்பி என்று வீட்டார் அனைவரையும் சன்னலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படங்களில் எல்லா முகங்களும் கரியாக இருந்தன. வெளிச்சம் எவர் முதுகில் விழுகிறதோ அவர் முகம் இருண்டு போகும் என்பதைக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு சுருள் செலவாயிற்று. இராமநாதபுரத்தில் படம் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். அவர் சொன்ன பாடம் ஒன்றுதான்: “தூரத்தில் நின்றுகொண்டு எடுக்காதே தம்பி, இரண்டு எட்டு முன்னால் போ.” அவன் அதை வேதவாக்காகக் கொண்டான். அந்த இரண்டு எட்டுகள் பின்னர் எங்கே கொண்டு போய் விட்டன என்பதைச் சொல்லத்தான் போகிறோம்.

ஒருநாள் அவனுடைய ஸர்ஃபு ஏட்டைத் திருத்துகையில், கடைசிப் பக்கங்களில் எண்களைக் கண்டோம். 1.7, 2.8, 4, 5.6, 8, 11, 16. பக்கம் பக்கமாக இந்த எண்களே. லாட்டரிப் பழக்கம் ஏதும் தொற்றிக்கொண்டதோ என்று நாம் பயந்து விட்டோம்! அழைத்துக் கேட்டால், அவை கேமராவின் கண் எவ்வளவு விரிகிறது என்பதைக் குறிக்கும் எண்கள் என்றான். எண் சிறிதானால் துவாரம் பெரிதாகுமாம். அது எப்படி என்று வினவினோம். “நாற்பத்தைந்து மில்லிமீட்டரை இந்த எண்ணால் வகுக்கணும் ஹஜரத். பதினாறால் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர்கூட வராது, ஒன்று தசம் ஏழால் வகுத்தால் இருபத்தாறு வரும்” என்றான். கண் விரிந்தால் மங்கிய வெளிச்சத்திலும் படம் விழும். ஆனால், கூர்ந்து பார்க்கும் ஒன்று மட்டும் தெளிவாக விழுந்து, அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை கரைந்து போகும். கண் சுருங்கினால் அருகிலும் தொலைவிலும் உள்ளவை எல்லாம் தெளிவாகும். அரபு வினைச்சொற்களின் பதினான்கு வடிவங்களை மனனம் செய்யத் தடுமாறியவன், இவ்வளவையும் எவரும் வற்புறுத்தாமல் கற்றிருந்தான். கல்வியின் இரகசியத்தை அன்று மாணவனிடம் கற்றுக்கொண்டோம் என்று சொன்னால் மிகையாகாது.

அவன் நம்மிடம் கேட்ட முதல் கேள்வி, எந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்விதான். “ஹஜரத், இது கூடுமா?”

நாம் ஓதிய மதரஸாவில் உருவப்படம் கூடாது என்றே சொல்லித் தரப்பட்டது. தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் அந்தக் கருத்தை நிலைநாட்டித் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். எகிப்து நாட்டின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்களோ, கேமரா எதையும் படைப்பதில்லை, இறைவன் படைத்த உருவத்தின் நிழலைத் தடுத்து நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான் என்று வாதிட்டு, அது ஆகும் என எழுதினார்கள். நிழலைத் தடுத்து வைத்தல்! தமிழில் ‘நிழற்படம்’ என்று பெயர் சூட்டியவர் எவரோ, அவருக்கும் ஏறத்தாழ இதே எண்ணம் தோன்றியிருக்கிறது. புகையே இல்லாத ஒன்றுக்குப் புகைப்படம் என்று பெயர் வைத்தவரைவிட இவர் சிந்தனையாளர். மதீனா மாநகரை முதன்முதலாகப் படமெடுத்தவர் முஹம்மது ஸாதிக் என்னும் எகிப்தியப் படை அதிகாரி. அது 1861ஆம் ஆண்டு. மக்காவையும் அவரே 1880இல் எடுத்தார். இன்று ஹஜ்ஜுக்குப் போகிறவர் எவரும் கடவுச்சீட்டில் தம் படத்தை ஒட்டாமல் கப்பலோ விமானமோ ஏறியதில்லை. இரு தரப்பு உலமாப் பெருமக்களுக்கும் அவர்களுடைய ஆதாரங்கள் இருக்கின்றன. அவற்றை எடைபோடும் தகுதி நமக்கு இல்லை. இவற்றை எல்லாம் அவனுக்குச் சொன்னோம். பேணுதலை விரும்பினால் கட்டடத்தையும் மரத்தையும் கடலையும் எடு என்றும் சொன்னோம்.

அவன் கீழக்கரைக்குப் போய்ப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கற்றூண்களை எடுத்து வந்தான். கேமராவைத் தரையில் வைத்து எடுத்திருந்தான். ஸஜ்தாவில் இருப்பவர் தலையை உயர்த்தும்போது காணும் காட்சி அது. அந்தப் படம் நம்மை ஆட்கொண்டு விட்டது. அன்று முதல் நாம் அவனுக்கு ஆசிரியர் என்ற நிலையைக் கடந்து, இரசிகர் ஆகி விட்டோம். தவறுக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

அவனுக்கு ஊக்கமூட்டுவதற்காக ஒருநாள் வகுப்பறைச் சன்னல்களை எல்லாம் அடைத்து, கரிய தாளை ஒட்டி, ஒரேயொரு சிறு துளை வைத்தோம். வெளியே நின்ற வேப்பமரம் எதிர்ச் சுவரில் தலைகீழாக வந்து நின்றது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்களைப் பற்றி அப்போது சொன்னோம். துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, ஒன்றை மறைத்தால் அதன் ஒளி மட்டும் உட்சுவரிலிருந்து மறைகிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் காட்டினார்கள். ‘கேமரா’ என்னும் சொல்லே அரபிலிருந்து போனது என்று நம்மவர்கள் மேடைகளில் முழங்குவதுண்டு. அது சரியன்று, அச்சொல் இலத்தீனில் அறையைக் குறிப்பது. இல்லாத பெருமையைத் தேடி அலைய வேண்டாம். இருக்கிற பெருமையே போதும். யூக்ளிட் முதலான பண்டைய அறிஞர்கள், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தீண்டுகிறது என்று கருதியிருந்தனர். அப்படியன்று, பொருளிடமிருந்தே ஒளி புறப்பட்டு நம் கண்ணுக்குள் வருகிறது என்று தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் நிறுவியவர்கள் இப்னுல் ஹைதம்.

அன்று இதை இயற்பியல் பாடமாகவே சொன்னோம். இதற்குள் ஓர் அறநெறிப் பாடமும் ஒளிந்திருப்பது அப்போது நமக்குத் தெரியாது. கண்ணிலிருந்து கதிர் போகிறது என்றால், பார்க்கிறவன் கொடுப்பவன் போல் ஆகிறான். பொருளிலிருந்து ஒளி வருகிறது என்றால், பார்க்கிறவன் வாங்குகிறவன். பார்க்கப்படுகிறவரே கொடுப்பவர்.

2004ஆம் ஆண்டு ரமளான். நவம்பர் மாதம், மழைக்காலம். நோன்பின் கடைசி நாள் மாலையில் எங்கள் மஹல்லாப் பள்ளியின் முகப்பில் பித்ரா அரிசி பகிர்ந்து கொண்டிருந்தார்கள். பங்கிடும் பொறுப்பில் நாமும் நின்றிருந்தோம். நாற்பது பேருக்குக் குறையாமல் வரிசையில் இருந்தனர். அவர்களில் முதியவர் ஒருவர். பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று அத்தரும் தொப்பியும் விற்றவர். பார்வை மங்கிய பிறகு வியாபாரம் நின்று விட்டது. முன்னொரு காலத்தில் இதே முகப்பில் அவரே அரிசி கொண்டு வந்து கொடுத்ததை நாம் கண்டிருக்கிறோம். அந்த ஆண்டுதான் முதன்முறையாக வரிசையில் வந்து நின்றார். நம் மாணவன் தூணோரம் நின்றிருந்தான். மேகம் விலகிச் சற்றுநேரம் மேற்கு வெளிச்சம் சாய்வாக விழுந்தது. முதியவர் தோளிலிருந்த துண்டை விரித்து ஏந்தினார். மாணவன் இரண்டு எட்டு முன்னால் வந்தான். கேமராவின் கண்ணை முழுவதும் திறந்து வைத்து எடுத்தான். அந்தக் கேமரா மிகச் சன்னமாக ஒலி எழுப்புவது. நான்கடி தள்ளி நிற்பவருக்கும் கேட்காது. முதியவருக்குப் பார்வையும் இல்லை, ஓசையும் கேட்கவில்லை. பார்க்க முடியாத ஒருவரை நாம் பார்த்தோம்.

படம் கழுவி வந்தபோது நாம் மெய்மறந்தோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அரிசி மணிகள் காற்றில் நிற்கின்றன. நரைத்த தாடியின் ஒவ்வோர் இழையிலும் ஒளி. தாழ்ந்த இமைகள். பள்ளியின் ஆண்டு மலருக்குப் பொறுப்பாளர் நாமே. 2005 மார்ச்சில் வெளிவந்த மலரில் அந்தப் படத்தை முழுப் பக்கத்தில் இட்டோம். அதன் அடியில், ‘ஈகைத் திருநாள்’ என்று தலைப்பும் எழுதினோம். எழுதியது நம் கை.

இரண்டு வாரம் கழித்து, மஃரிபுக்குப் பின், அண்டை வீட்டு அம்மாள் ஒருவருடன் அந்த முதியவரின் மகள் நம் வீட்டுக்கு வந்தார். கதவோரம் நின்றுகொண்டு பேசினார். அவருடைய கணவர் வீட்டாரின் உறவுப் பையன் ஒருவனும் நம் பள்ளியில் படித்தான். அவன் வழியாக மலர் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. சம்பந்தி வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை அவர் கூறவில்லை. நாமும் கேட்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: “படம் நல்லாத்தான் இருக்கு ஹஜரத். வாப்பா முகம் அப்படியே விழுந்திருக்கு. அப்படியே விழாம இருந்திருக்கலாம்.”

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தினுள் ஒருவர் சுவர்த் துவாரம் வழியாக எட்டிப் பார்த்த செய்தி ஹதீஸில் வருகிறது. அப்போது நாயகம் (ஸல்) அவர்களின் கையில் தலைகோதும் இரும்புச் சீப்பு ஒன்று இருந்தது. நீ பார்ப்பது தெரிந்திருந்தால் இதனால் உன் கண்ணில் குத்தியிருப்பேன் என்ற பொருள்பட எச்சரித்து, வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டுமென்ற விதியே பார்வையின் பொருட்டுத்தான் ஏற்பட்டது என்று தெளிவுபடுத்தினார்கள். இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறோம். சுவரில் உள்ள துவாரத்தைச் சொன்னோமே தவிர, 26 மில்லிமீட்டர் துவாரம் ஒன்று நம் மாணவன் கழுத்திலேயே தொங்கியதை எண்ணிப் பார்க்கவில்லை. படம் கூடுமா, கூடாதா என்ற வாதத்தில், படைத்தவனுக்கும் படம் எடுப்பவனுக்கும் இடையிலுள்ள வழக்கையே விசாரித்தோம். மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய முகம்தான் வழக்குப் பொருள். அவரை எவரும் சாட்சிக்குக்கூட அழைக்கவில்லை.

அல்லாஹ்வின் உரிமையில் குறை செய்தால் அவனிடம் அழுது மன்னிப்புப் பெறலாம். அடியார்களின் உரிமையில் குறை செய்தால் அந்த அடியாரிடமே போக வேண்டும். மாணவனை அழைத்துக்கொண்டு முதியவர் வீட்டுக்குப் போனோம். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னோம். படம் வந்திருப்பதே அவருக்குத் தெரியாது, மகள் சொல்லவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மாணவனைப் பார்த்து, அதாவது அவன் குரல் வந்த திசையைப் பார்த்து, “படத்துல எப்படி இருக்கேன் தம்பி?” என்று கேட்டார்.

அவன் தடுமாறிக்கொண்டே சொன்னான். துண்டை விரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மேற்கிலிருந்து வெளிச்சம் விழுகிறது. தாடி பளபளவென்று இருக்கிறது.

“பக்கத்துல யார் யார் இருக்காங்க?”

“யாருமில்லை அப்பா.”

“அன்னிக்கு நெறைய பேர் இருந்தாங்களே! கூட்டமா இருக்கேன்னுதானே நான் போய் நின்னேன்.”

நாம் தலைகுனிந்தோம். கேமராவின் கண்ணை முழுவதும் திறந்தால் ஒருவர் மட்டும் தெளிவாக விழுந்து மற்றவர் கரைந்து போவார்கள் என்று அவன் ஏட்டில் எழுதி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. நாற்பது பேரில் ஒருவராக நின்றவரை நாம் உலகில் தனி ஒருவராக ஆக்கி விட்டோம். கூட்டம் அவருக்கு ஒரு போர்வையாக இருந்தது. அதை உருவி எடுத்தது ஒரு குமிழின் திருப்பம். படம் பொய் சொல்லவில்லை என்று எவரும் வாதிடலாம். அரிசி வாங்கியது உண்மைதான். ஆனால், அவர் தனியாக நின்று கையேந்தவில்லை. அந்தப் பொய்யைத்தான் நாம் அழகு என்று கொண்டாடினோம்.

“சரி, சரி. மன்னிச்சுட்டேன், போங்க. நோன்புப் பெருநாள் நேரத்துல எடுத்ததுதானே” என்றார். தேநீர் குடிக்காமல் விடமாட்டேன் என்றார். குடித்தோம்.

மன்னித்து விட்டார், பிறகென்ன என்று வாசகர் கேட்கலாம். நம் ஷாஃபி மத்ஹபின் பிரபலமான சொல்லின்படி, அளவு தெரியாத கடனைத் தள்ளுபடி செய்தால் அது செல்லாது. எவ்வளவு என்று அறிந்தவரே விட்டுக் கொடுக்க முடியும். அந்தப் படத்தை அவர் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. அது எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பார்க்காத ஒன்றை மன்னித்தவரின் மன்னிப்பு நம் பொறுப்பை நீக்கிவிட்டதா? கடனுக்குச் சொன்ன சட்டத்தை மானத்துக்குப் பொருத்துவது முறையா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு என்பதை அறிவோம். ஆயினும் அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மாணவன் நம்மைவிடக் கூர்மையானவன். சில நாள் கழித்து ஒரு செய்தித்தாள் துண்டுடன் வந்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப் பேரலைக்கு இரண்டு நாளுக்குப் பின், கடலூரில் ராய்ட்டர் நிறுவனத்தின் அர்கோ தத்தா எடுத்த படம் அது. உறவினரை இழந்த ஒரு பெண் மணலில் முகம் குப்புற விழுந்து, இரு கைகளையும் விரித்து அழுகிறார். அந்த ஆண்டு உலகப் பத்திரிகைப் படப் பரிசு அதற்கே கிடைத்தது. “அவங்ககிட்ட யார் ஹஜரத் அனுமதி கேட்டிருப்பாங்க? கேட்டிருந்தா இந்தப் படம் இருந்திருக்குமா? இது இல்லாம நம்ம கரையோட துக்கம் வெளியில தெரிஞ்சிருக்குமா?”

எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று. அந்தப் படத்தை நாமும் நெடுநேரம் பார்த்தோம். இறந்தவரின் முகம் அதில் இல்லை. ஓரத்தில் கை மட்டும் தெரிகிறது. எடுத்தவர் எதை விட்டு விட்டார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னோம். அவனுக்கு அது போதவில்லை. பிறகு ‘ளரூரத்’ என்னும் தேவையைப் பற்றிச் சொன்னோம். நிர்ப்பந்தம் வந்தால் விலக்கப்பட்டதும் அந்த அளவுக்கு ஆகுமானதாகிறது. கரை முழுவதும் பிணங்கள் கிடக்கையில் உலகுக்கு உரைக்க வேண்டிய தேவை ஒன்று இருந்தது. நம் ஆண்டு மலருக்கு என்ன தேவை இருந்தது? ஒரு பக்கம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். பொழுதுபோக்குக் கலைக்கு ஆதாயம் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. தேவை இல்லாத இடத்தில் சலுகையும் இல்லை. பிழைப்புக்காக எடுப்பவரைவிட, மகிழ்ச்சிக்காக எடுப்பவரே அதிகம் பேண வேண்டியவர். அவன் ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் போனான். அந்தப் பெண் என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரியாதே என்று போகிற போக்கில் சொன்னது மட்டும் நம் மனத்தில் தங்கி விட்டது.

அதன்பின் அவன் கேட்டுவிட்டு எடுக்கத் தொடங்கினான். இதற்கு விலை இல்லாமல் இல்லை. கேட்டவுடன் மனிதர்கள் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கழுத்தை நிமிர்த்தி, மரம்போல் நின்றார்கள். வலை பின்னுகிறவர் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். ஓராண்டுக் காலம் அவன் எடுத்தவை எல்லாம் கடவுச்சீட்டுப் படங்கள்போல் இருந்தன. முன்பு இருந்த உயிர் எங்கே என்று நாமே மனத்துக்குள் வருந்தினோம். பிறகு வேறொரு வழி கண்டான். கேட்டுவிட்டு உடனே எடுக்காமல், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்து விடுவான். அரைமணி, ஒருமணி. அவர்கள் அவனை மறந்து வேலையில் ஆழ்ந்த பிறகு ஒன்றோ இரண்டோ எடுப்பான். அப்படி எடுத்தவற்றில் முதல் படத்தின் ஒளி இல்லை. ஆனால் பார்க்கும் நமக்குக் குற்றம் செய்கிற உணர்வும் இல்லை.

இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்தின்போதும் 2020 ஊரடங்கின்போதும், ஓர் அரிசிப் பையை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிறவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லும் படங்களை நாம் கண்டு அலுத்து விட்டோம். சொல்லிக் காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். வற்புறுத்திக் கேட்காத ஏழைகளைப் பற்றியும் அதே அத்தியாயத்தில் கூறுகிறான்; அறியாதவர்கள் அவர்களைச் செல்வர் என்று எண்ணுவார்களாம்; அடையாளத்தால் அறிந்து கொள்ளலாமாம். அந்த அடையாளம், தேடிச் சென்று உதவுகிறவர் ஒருவர் கண்ணுக்குத் தெரிய வேண்டியது. ஊர் பார்ப்பதற்காக அன்று. நாம் பிறரை இடித்துரைக்கவில்லை. முழுப் பக்கத்தில் தலைப்பிட்டு அச்சிட்டவர்கள் நாம்.

படத்தின் மூலப் பிலிமை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. எரித்து விடலாமா என்று மாணவன் கேட்டான். நம்மால் முடிவு செய்ய இயலவில்லை. அது நம்முடையது என்றால் எரிக்கலாம். நம்முடையதுதானா? இக்கால அரபியில் படம் எடுப்பதை ‘இல்தகத்த’ என்பார்கள். கீழே கிடந்ததைப் பொறுக்கி எடுத்தல் என்று பொருள். அதே வேரிலிருந்து பிறந்த ‘லுகத்தா’ என்னும் சொல், கண்டெடுத்த பொருளைக் குறிக்கும். பிக்ஹு நூல்களில் அதற்கென்று தனிப் பாடம் உண்டு. கண்டெடுத்தவன் அதை ஓராண்டு காலம் அறிவிக்க வேண்டும். உரியவர் வந்தால் கொடுக்க வேண்டும். வரும்வரை அது அவன் கையில் அமானிதம். நான்கு படங்கள் கொண்ட அந்தப் பிலிம் துண்டை அவன் ஓர் உறையிலிட்டு, “உங்ககிட்டயே இருக்கட்டும் ஹஜரத்” என்று தந்தான். பெட்டியில் வைத்தோம்.

அவன் படித்து, வெளியூரில் வேலைக்குப் போனான். எண்ணிமக் கேமரா வாங்கினான். விடுமுறையில் வந்தால் இன்னும் கடற்கரையில் யார் பக்கத்திலாவது உட்கார்ந்திருப்பான். 2013ஆம் ஆண்டு அந்த முதியவர் இறையழைப்பை ஏற்றார். ஜனாஸாத் தொழுகையில் நாம் கலந்து கொண்டோம். நாற்பது நாளுக்குப் பிறகு மகள் மீண்டும் வந்தார். இம்முறையும் கதவோரம்தான் நின்றார். வாக்காளர் அட்டையில் உள்ள அஞ்சல்தலை அளவுப் படத்தைத் தவிர வாப்பாவின் படம் வேறு ஒன்றும் வீட்டில் இல்லை என்றார். அந்தப் பையன் எடுத்தது இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

நாம் திகைத்துப் போனோம். எந்தப் படம் விழாமலே இருந்திருக்கலாம் என்று சொன்னாரோ, அந்தப் படம்! மாணவனுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவன் யோசிக்கவே இல்லை. “அது அவங்களோடதுதானே ஹஜரத்” என்றான்.

உறையை எடுத்து வந்து, அதில் நான்கு படங்கள் இருக்கின்றன என்று அவரிடம் விளக்கினோம். முதலாவது பள்ளியின் மினாரா. இரண்டாவது, தொலைவிலிருந்து எடுத்த வரிசை. நாற்பது பேரில் உங்கள் வாப்பா எவர் என்று கண்டுபிடிப்பது கடினம். மூன்றாவதுதான் அது. நான்காவதில் ஒன்றுமில்லை, இருட்டு. வேறு எவரிடமாவது இதன் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். மலர்ப் பிரதிகளைத் தவிர வேறில்லை, மூலம் இது ஒன்றுதான் என்றோம். உறையைப் பிரிக்காமலே வாங்கி, முந்தானைக்குள் வைத்துக் கொண்டார். படமாக்க வேண்டுமானால் மதுரையில் இன்னும் ஒரு கடை இருப்பதாக மாணவன் சொன்னதையும் தெரிவித்தோம்.

அவர் எந்தப் படத்தை அச்சிட்டார், அச்சிட்டாரா இல்லையா என்பதை நாம் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு நாம் இன்றும் போய் வருகிறோம். சுவர்களைப் பார்ப்பதில்லை.